சுல்தான் கான் (சதுரங்க ஆட்டக்காரர்)

மீர் சுல்தான் கான் (1903 - ஏப்ரல் 25, 1966) பிரித்தானிய இந்தியாவின் பஞ்சாப் பகுதியில் பிறந்த சதுரங்க ஆட்டக்காரர் ஆவார். 1929, 1932, 1933 ஆகிய ஆண்டுகளில் பிரித்தானிய சதுரங்க வாகையர் பட்டத்தை வென்றவர். ஐரோப்பாவில் இவர் விளையாடிய காலம் மொத்தமாகக் கூட்டினாலும் ஐந்து ஆண்டுகளுக்கும் குறைவு. அக்குறுகிய காலத்தில் கபபிளாங்கா, ரூபின்ஸ்டீன், ஃபுளோர், தார்த்தகோவர் முதலிய முன்னணி ஆட்டக்காரர்களைத் தோற்கடித்து, உலகின் முதல் பத்து ஆட்டக்காரர்களுள் ஒருவராக மதிக்கப்பட்டார். இன்று உலகெங்கும் ஆடப்படும் முறையிலான சதுரங்கத்தை இவர் இருபது வயதைக் கடந்த பின்னரே கற்றார். நடு ஆட்டத்திலும் இறுதி ஆட்டத்திலும் மிகுந்த வலிமையும், தொடக்க ஆட்டத்தில் வெளிப்படையான வலுவின்மையும் ஒரே ஆட்டக்காரரிடம் சேர்ந்து காணப்பட்டமைக்கு இவர் சிறந்த எடுத்துக்காட்டு. இவ்விரண்டுக்கும் காரணம் ஒன்றே. அது இவர் சிறுவயதில் கற்ற இந்திய முறைச் சதுரங்கம் ஆகும்.

பிறப்பும் இளமையும்

சுல்தான் கான் பஞ்சாபில் சர்கோதாவை அடுத்த மித்தா திவானா என்னும் ஊரில் பிறந்தார். அப்பகுதி இன்று பாக்கித்தானில் குசாப் மாவட்டத்தில் உள்ளது. இவர் பிறந்த ஆண்டு சில நூல்களில் 1905 என்றும் தரப்பட்டுள்ளது. இவரது தந்தை மியான் நிசாம் தீன் சமயப் பெரியவராகவும் நிலவுடைமையாளராகவும் இருந்தவர், சதுரங்கத்திலும் தேர்ந்தவர். ஒன்பதாம் வயதில் தந்தையிடமே இவர் சதுரங்கம் கற்றார். இருபத்தொரு வயதை எட்டியபோது பஞ்சாபின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் எனப் பெயர் பெற்றிருந்தார்.

இந்திய முறைச் சதுரங்கம்

சுல்தான் கானின் ஆட்டத்தைப் புரிந்துகொள்ள, அவர் முதலில் கற்ற ஆட்டத்தின் விதிகளை அறிதல் வேண்டும். இந்தியாவில் வழங்கிய விதிகள் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்டன. எனினும் பெரும்பாலான வடிவங்களில் சில கூறுகள் பொதுவாகக் காணப்பட்டன.

முதலாவது, காலாள் தன் முதல் நகர்விலும் ஒரு கட்டம் மட்டுமே முன்னேறும். ஐரோப்பிய முறையில் காலாள் முதல் நகர்வில் இரண்டு கட்டங்கள் பாயலாம். இந்த ஒரு வேறுபாடே ஆட்டத்தின் போக்கை முழுவதுமாக மாற்றிவிடுகிறது. காலாட்கள் மெதுவாக நகர்வதால் இரு படைகளும் ஒன்றையொன்று நெருங்கப் பல நகர்வுகள் ஆகும். எதிரியைத் தொடக்கத்திலேயே தாக்கி வீழ்த்துவது அரிது. எந்தக் காயை எந்தக் கட்டத்தில் நிறுத்துவது என்பதை அமைதியாகத் திட்டமிடுவதற்கே அதிக இடமிருந்தது.

இரண்டாவது, கோட்டை கட்டுதல் என்னும் நகர்வு இல்லை. அதற்குப் பதிலாக, அரசன் ஆட்டத்தில் ஒரே ஒருமுறை குதிரையைப் போலத் தாவலாம். அதற்கு முன் அரசனுக்கு முற்றுகை வந்திருந்தால் அவ்வுரிமை போய்விடும். மூன்றாவது, கடைசி வரிசையை அடைந்த காலாள் விரும்பிய காயாக மாறிவிடாது. எந்த நிரலில் முன்னேறியதோ அந்த நிரலுக்குரிய காயாகவே மாறும். ஆகவே எந்தக் காலாளை முன்னேற்றுவது என்பதை இறுதி ஆட்டத்துக்கு வெகு முன்னரே கணக்கிட்டாக வேண்டும்.

தமிழ்நாட்டிலும் முன்பு வீடுகளில் ஆடப்பட்டது இவ்வகைச் சதுரங்கமே. பாட்டன் பாட்டியிடம் ஆட்டம் பயின்ற சிலர், காலாளை ஒரு கட்டம் மட்டும் நகர்த்தும் பழக்கத்தோடு பள்ளிப் போட்டிகளுக்கு வந்து குழம்பியதைப் பழைய ஆட்டக்காரர்கள் நினைவுகூர்வதுண்டு. இரு முறைகளுக்கும் இடையே பாலம் அமைக்கும் முயற்சி தென்னிந்தியர்களிடம் முன்பே தொடங்கியிருந்தது. திருவேங்கடாசாரிய சாத்திரி என்பவர் வடமொழியில் எழுதிய விலாசமணிமஞ்சரி என்னும் நூல், ஐரோப்பிய முறைக்கு ஏற்ப அமைக்கப்பட்டு 1814-இல் பம்பாயில் ஆங்கிலத்தில் வெளியிடப்பட்டது. 1829-இல் சென்னையில் குலாம் காசிம், ஜேம்ஸ் காக்ரேன் ஆகிய இருவரும் முசியோ காம்பிட் என்னும் திறப்பைப் பற்றிய ஆய்வு நூலொன்றை வெளியிட்டனர். ஆனால் இவை நகரங்களில் ஒரு சிறு வட்டத்துக்குள் நின்றுவிட்டன. நூறு ஆண்டுகள் கழித்தும் சிற்றூர்களில் பழைய முறையே நிலைத்திருந்தது.

உமர் ஹயாத் கானின் ஆதரவு

சுல்தான் கானின் திறமையைக் கண்டறிந்தவர் சர் உமர் ஹயாத் கான் திவானா (1875 - 1944). இவர் அப்பகுதியின் பெரும் நிலக்கிழார். பிரித்தானிய இந்தியப் படையில் பணியாற்றியவர். அரசியல் செல்வாக்கு மிக்கவர். சுல்தான் கானைத் தம் இல்லத்தில் சேர்த்துக்கொண்டு ஐரோப்பிய முறைச் சதுரங்கத்தைக் கற்க ஏற்பாடு செய்தார். 1928-இல் நடைபெற்ற அகில இந்தியப் போட்டியில் சுல்தான் கான் ஒன்பது ஆட்டங்களில் எட்டில் வென்று, ஒன்றைச் சமன் செய்து முதலிடம் பெற்றார். ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை.

1929-இன் வசந்த காலத்தில் உமர் ஹயாத் கான் அரசியல் பணிக்காக இலண்டன் சென்றபோது சுல்தான் கானையும் உடன் அழைத்துச் சென்றார்.

இலண்டனில் முதல் தோல்வியும் முதல் பட்டமும்

இலண்டனில் சுல்தான் கானின் நன்மைக்காகவே ஒரு சிறிய பயிற்சிப் போட்டி நடத்தப்பட்டது. வில்லியம் விண்டர், பிரெட் யேட்ஸ் போன்ற இங்கிலாந்தின் முன்னணி ஆட்டக்காரர்கள் அதில் கலந்துகொண்டனர். முடிவு ஏமாற்றமளித்தது. சுல்தான் கான் கடைசி இடத்தை இன்னொருவருடன் பகிர்ந்துகொண்டார். ஐரோப்பிய ஆட்டக்காரர்கள் நூல்களில் படித்து மனத்தில் வைத்திருந்த திறப்புகள் எவையும் அவருக்குத் தெரியாது. அவர்கள் சிந்திக்காமலே வைக்கும் முதல் பத்துப் பன்னிரண்டு நகர்வுகளை இவர் ஒவ்வொன்றாகப் பலகையின் முன் அமர்ந்து கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

போட்டி முடிந்தபின் விண்டரும் யேட்சும் இவருக்குப் பயிற்சியளிக்க முன்வந்தனர். இருவரும் அதே ஆண்டில் இவருக்கு எதிரிகளாக அமையக்கூடியவர்கள் என்பது இங்கு குறிப்பிடத்தக்கது. மொழித் தடை இருந்தது. சுல்தான் கானுக்கு ஆங்கிலம் மிகக் குறைவாகவே தெரியும். எனவே பெரும்பகுதி கற்றல் பலகையின் மீதே, காய்களை நகர்த்திக் காட்டுவதன் வழியே நடந்திருக்க வேண்டும்.

அவ்வாண்டுக் கோடையில் ராம்ஸ்கேட் நகரில் பிரித்தானிய வாகையர் போட்டி நடைபெற்றது. பயிற்சிப் போட்டியில் கடைசியாக வந்தவர் அதில் முதலிடம் பெற்றார். எவரும் இதை எதிர்பார்க்கவில்லை. சில மாதப் பயிற்சியில் ஒருவர் திறப்புகள் அனைத்தையும் கற்றுவிட முடியாது. சுல்தான் கானும் கற்கவில்லை. தொடக்கத்தில் பெரும் இழப்பின்றி நடு ஆட்டத்தை அடைவதற்குப் போதுமான அளவு மட்டும் தேறியிருந்தார். அதற்குப் பின் ஆட்டம் அவருக்குப் பழக்கமான நிலத்துக்கு வந்துவிட்டது.

பட்டம் வென்ற சிறிது காலத்தில் அவர் இந்தியா திரும்பினார். 1930 மே மாதம் மீண்டும் ஐரோப்பா சென்றார்.

பன்னாட்டுப் போட்டிகள்

1930-இல் ஹாம்பர்க்கில் நடந்த சதுரங்க ஒலிம்பியாடில் இங்கிலாந்து அணியின் முதல் பலகையில் சுல்தான் கான் ஆடினார். ஒவ்வொரு நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரரையும் எதிர்கொள்ள வேண்டிய இடம் அது. ஒன்பது வெற்றி, நான்கு சமநிலை, நான்கு தோல்வி எனத் தம் முதல் ஒலிம்பியாடை முடித்தார். அதே ஆண்டில் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் நடந்த போட்டியில் தார்த்தகோவருக்கு அடுத்து இரண்டாம் இடம் பெற்றார். அப்போட்டியில் இவருக்குப் பின்னால் வந்தவர்களுள் நிம்சோவிச்சும் ஒருவர். சதுரங்கக் கோட்பாட்டை எழுதி உலகப் புகழ் பெற்றவர் நிம்சோவிச்; கோட்பாட்டு நூல்களையே அறியாதவர் சுல்தான் கான்.

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் யூவ், கபபிளாங்கா ஆகியோருக்கு அடுத்து மூன்றாம் இடம் பெற்றார். 1931-32 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் நான்காம் இடம். 1931-இல் தார்த்தகோவருடன் நடந்த நேருக்கு நேர் தொடரில் நான்கு வெற்றி, மூன்று தோல்வி, ஐந்து சமநிலை என வென்றார். 1932-இல் ஃபுளோருடன் நடந்த தொடரில் ஒரு வெற்றி, இரண்டு தோல்வி, மூன்று சமநிலை எனக் குறைந்த வேறுபாட்டில் தோற்றார். அதே ஆண்டு பெர்ன் நகரில் நான்காம் இடமும், இலண்டன் போட்டியில் அலேகின், ஃபுளோர் ஆகியோருக்கு அடுத்து அமெரிக்கரான காஷ்டனுடன் இணைந்து மூன்றாம் இடமும் பெற்றார். பிரித்தானிய வாகையர் பட்டத்தை 1932-இல் இலண்டனிலும் 1933-இல் ஹேஸ்டிங்சிலும் மீண்டும் வென்றார்.

இவரது ஒலிம்பியாட் ஆட்டங்களுள் 1931-இல் பிராகாவில் ஆடியவையே சிறந்தவை. எட்டு வெற்றி, ஏழு சமநிலை, இரண்டே தோல்வி. ஃபுளோரையும் ரூபின்ஸ்டீனையும் வென்றார். அப்போதைய உலக வாகையர் அலேகினுடன் சமன் செய்தார். 1933-இல் ஃபோக்ஸ்டனில் நடந்த ஒலிம்பியாடில் நான்கு வெற்றி, ஆறு சமநிலை, நான்கு தோல்வி பெற்றார். முந்தைய இரண்டோடு ஒப்பிடுகையில் இது தாழ்ந்த நிலையே.

கபபிளாங்காவுடனான ஆட்டம்

1930-31 ஹேஸ்டிங்ஸ் போட்டியில் கபபிளாங்காவை வென்ற ஆட்டமே இவர் ஆட்டங்களுள் மிகவும் பேசப்படுவது. கியூபா நாட்டவரான கபபிளாங்கா 1921 முதல் 1927 வரை உலக வாகையராக இருந்தவர். 1916-இலிருந்து 1924 வரை ஓர் ஆட்டத்திலும் தோற்காதவர். இறுதி ஆட்டத்தில் அவருக்கு நிகரில்லை என்று கருதப்பட்ட காலம் அது.

வெள்ளைக் காய்களுடன் ஆடிய சுல்தான் கான் ஐந்தாம் நகர்விலேயே அரசிப் பக்கத்து ஓரக் காலாளை ஒரு கட்டம் முன்னே வைத்தார். எதிரியின் அமைச்சரோ குதிரையோ தன் பக்கம் வந்து அமர்வதைத் தடுக்கும் எளிய நகர்வு இது. அன்று இது திறப்பறிவு இல்லாதவரின் நகர்வாகத் தோன்றியிருக்கலாம். பிற்காலத்தில் உலக வாகையரான பெத்ரோசியன் இதே கருத்தைத் தம் ஆட்டங்களில் பயன்படுத்தினார். அரசிப் பக்க இந்தியத் தற்காப்பில் இன்று அம்முறை அவர் பெயரால் வழங்குகிறது.

ஆட்டத்தின் நடுவில் கபபிளாங்கா தம் இரு கோட்டைகளையும் திறந்த நிரல் வழியாக வெள்ளையின் கடைசி வரிசைகளுக்குள் செலுத்தி, அவ்விரண்டையும் கொடுத்து அரசியைப் பெற்றார். மதிப்பைக் கூட்டிப் பார்த்தால் இரண்டு கோட்டைகளும் ஓர் அரசியும் ஏறத்தாழச் சமம். ஆனால் பலகை காலாட்களால் அடைபட்டுக் கிடந்தது. தொலைவிலிருந்து தாக்கும் அரசிக்கு நுழைய வழியில்லை. சுல்தான் கான் தம் அரசனைப் பாதுகாப்பான இடத்துக்குக் கொண்டுசென்றார். பின்னர் அவசரமே இல்லாமல் கோட்டைகளை ஒருங்கிணைத்துக் கறுப்பின் நலிந்த காலாட்களை ஒவ்வொன்றாக நெருக்கினார். அறுபத்தைந்தாம் நகர்வில் ஆட்டம் முடிந்தது. அப்போட்டியில் கபபிளாங்கா தோற்ற ஒரே ஆட்டம் இது. அவரே பின்னர் சுல்தான் கானை மேதை என மதிப்பிட்டு எழுதினார்.

மெதுவாக நகரும் காலாட்கள், அடைபட்ட பலகை, நெடுநேரப் பொறுமை, இறுதி வரை கணக்கிடும் பழக்கம் ஆகிய அனைத்தும் இந்திய முறைச் சதுரங்கம் இவருக்குக் கொடுத்தவை. இந்த ஆட்டத்தில் அவை நான்கையும் ஒருசேரக் காணலாம்.

ஆட்டத் திறனும் குறைகளும்

சுல்தான் கானின் வலிமை, காய்களுக்கு உரிய இடத்தை உணர்வதில் இருந்தது. ஒரு நிலையைப் பார்த்ததும் எந்தக் காலாள் பிற்காலத்தில் சுமையாகும், எந்தக் காயை மாற்றிக்கொள்ள வேண்டும் என்பதை விரைந்து அறிந்துகொள்வார். இறுதி ஆட்டத்தில் உலகின் மிகச் சிறந்தவர்களோடு ஒப்பிடத்தக்கவர் எனப் பல வல்லுநர்கள் கருதுகின்றனர். பலகையின் முன் அசையாமல் அமர்ந்திருப்பார் என்றும், வெல்கிறாரா தோற்கிறாரா என்பதை அவரது முகத்திலிருந்து அறிய முடியாது என்றும் உடன் ஆடியோர் பதிவுசெய்துள்ளனர். இழுபறியாக நீளும் ஆட்டங்களில் இக்குணம் எதிரியைச் சோர்வடையச் செய்தது.

குறைகளுள் முதன்மையானது தொடக்க ஆட்டம். மூன்று முறை பட்டம் வென்ற பின்னரும் இது முழுமையாக நீங்கவில்லை. பல ஆட்டங்களில், குறிப்பாகக் கறுப்புக் காய்களுடன் ஆடும்போது, பதினைந்தாம் நகர்வை எட்டுவதற்குள் நெருக்கடியான நிலையில் சிக்கிக்கொண்டார். அவற்றுள் சிலவற்றிலிருந்து மீண்டு வென்றதே அவரது புகழுக்குக் காரணமாயிற்று என்பது உண்மை. ஆனால் அலேகின் போன்றோருக்கு எதிராக, தொடக்கத்தில் விட்ட இடத்தை மீண்டும் பிடிப்பது எளிதாக இருக்கவில்லை. அச்சில் வந்த சதுரங்க நூல்களையும் இதழ்களையும் இவரால் படிக்க இயலவில்லை. ஒரு நகரில் புதிதாகக் கண்டறியப்பட்ட நகர்வு அடுத்த மாதமே ஐரோப்பா முழுவதும் தெரிந்துவிடும், இவருக்கு மட்டும் போட்டியின்போதே தெரியவரும்.

இக்குறையை இவர் எதிர்கொண்ட விதம் கவனிக்கத்தக்கது. எல்லாத் திறப்புகளையும் கற்க முயலாமல், காய்கள் மெதுவாக மோதும் அமைதியான திறப்புகளையே பெரும்பாலும் தேர்ந்தெடுத்தார். அதாவது ஐரோப்பிய விதிகளுக்குள்ளேயே இந்திய முறையின் வேகத்தைக் கொண்டுவந்தார். நூலறிவு குறைவாகத் தேவைப்படும் நிலைகள் அவை. தம்மைவிட வலியவர்களுடன் ஓயாமல் ஆடியதும், விண்டர், யேட்ஸ் போன்றோரிடம் கற்றதும் ஏனைய காரணங்கள்.

உடல்நலமும் இவருக்குத் துணை செய்யவில்லை. இங்கிலாந்தின் குளிர் இவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. மலேரியாக் காய்ச்சலும் தொண்டைத் தொற்றும் அடிக்கடி வருத்தின. கழுத்தைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு ஆட வந்த நாட்கள் உண்டு.

இன்று இணையத்தில் சதுரங்கம் ஆடும் இளையோர் பலரிடம் இதற்கு நேர்மாறான நிலையைக் காணலாம். கணினி நிரல்களின் உதவியால் இருபது நகர்வு வரை திறப்புகளை மனப்பாடம் செய்தவர்கள், ஒரு கோட்டையும் இரண்டு காலாட்களும் மிஞ்சிய எளிய நிலையில் வெற்றியைத் தவறவிடுகின்றனர். ஐந்து நிமிட, மூன்று நிமிட ஆட்டங்களில் கடிகாரமே பல ஆட்டங்களை முடித்துவிடுவதால் இக்குறை வெளியே தெரிவதும் இல்லை. அத்தகையோர் சுல்தான் கானின் ஆட்டங்களை இருபதாம் நகர்விலிருந்து எடுத்து, அடுத்த நகர்வைத் தாமே ஊகித்து, பின்னர் அவர் வைத்த நகர்வோடு ஒப்பிட்டுப் பார்ப்பது பயனுள்ள பயிற்சி. அவரது தொடக்க நகர்வுகளைப் பின்பற்ற வேண்டியதில்லை.

சமூக நிலை பற்றிய கருத்து வேறுபாடு

உமர் ஹயாத் கானின் இல்லத்தில் சுல்தான் கானின் நிலை என்ன என்பது பற்றி இருவேறு கருத்துகள் உள்ளன. மேலை நாட்டு நூல்கள் பலவும் இவரை வேலைக்காரர் என்றும் எழுத்தறிவற்றவர் என்றும் குறிப்பிடுகின்றன. 1933 ஒலிம்பியாடின்போது அமெரிக்க அணியினர் உமர் ஹயாத் கானின் இலண்டன் இல்லத்துக்கு விருந்துக்கு அழைக்கப்பட்டனர். அங்கே தங்களுக்கு உணவு பரிமாறியவர் சுல்தான் கானே என்றும், பெரும் ஆட்டக்காரர் ஒருவர் அவ்வாறு நடத்தப்பட்டது தங்களைச் சங்கடத்தில் ஆழ்த்தியது என்றும் அவ்வணியைச் சேர்ந்த ரூபன் ஃபைன் பின்னாளில் எழுதினார்.

சுல்தான் கானின் குடும்பத்தினர் இச்சித்தரிப்பை மறுக்கின்றனர். அவர் நிலமுள்ள குடும்பத்தில் பிறந்தவர், தம் மொழியில் எழுதப் படிக்கத் தெரிந்தவர், வேலைக்காரராக இருந்ததில்லை என்பது அவர்களின் கூற்று. ஆங்கிலம் அறியாமை எழுத்தறிவின்மை ஆகிவிடாது. பஞ்சாபின் நிலக்கிழார் இல்லங்களில் ஆதரவு பெற்ற கலைஞர்களும் வீரர்களும் வாழ்ந்த முறையை ஆங்கிலேயர்கள் தங்கள் வீட்டு வேலையாள் முறையோடு பொருத்திப் புரிந்துகொண்டிருக்கலாம். எனினும் எங்கே ஆடுவது, எப்போது நாடு திரும்புவது என்பவற்றை முடிவு செய்தவர் உமர் ஹயாத் கானே என்பதில் ஐயமில்லை.

அதே இல்லத்தைச் சேர்ந்த ஃபாத்திமா என்னும் இளம்பெண்ணும் இங்கு குறிப்பிடத்தக்கவர். 1933-இல் ஹேஸ்டிங்சில் நடந்த பிரித்தானிய மகளிர் போட்டியில் பத்து வெற்றி, ஒரு சமநிலை பெற்று, தோல்வியே இன்றிப் பட்டம் வென்றார். ஆக, அவ்வாண்டு இரு பட்டங்களும் ஒரே இந்திய இல்லத்துக்குச் சென்றன. இங்கிலாந்தை விட்டுப் புறப்பட்டபோது சுல்தான் கான் சிறையிலிருந்து விடுபட்டவரைப் போல மகிழ்ந்தார் என்ற கருத்துப்பட ஃபாத்திமா பல ஆண்டுகளுக்குப் பின் நினைவுகூர்ந்துள்ளார். குளிரும் நோயும் அவரை அவ்வளவு வாட்டியிருந்தன.

நாடு திரும்பலும் பிற்கால வாழ்க்கையும்

1933 டிசம்பரில் உமர் ஹயாத் கான் சுல்தான் கானை இந்தியாவுக்கு அழைத்து வந்தார். 1935-இல் வி. கே. காடில்கருடன் நடந்த தொடரில் பத்து ஆட்டங்களில் ஒன்பதில் வென்று ஒன்றைச் சமன் செய்தார். அதன் பின் சதுரங்க உலகம் அவரைப் பற்றிக் கேள்விப்படவில்லை. அப்போது அவருக்கு வயது முப்பத்திரண்டு. பல ஆட்டக்காரர்கள் தங்கள் உச்சத்தை எட்டும் வயது அது.

1944-இல் உமர் ஹயாத் கான் காலமானார். சுல்தான் கான் தம் ஊரை அடுத்த நிலங்களில் வேளாண்மை செய்து வாழ்ந்தார். 1947-இல் நாடு பிரிக்கப்பட்டபோது அவரது ஊர் பாக்கித்தானில் அமைந்தது. தம் பிள்ளைகளுக்கு அவர் சதுரங்கம் கற்பிக்க விரும்பவில்லை. வாழ்க்கைக்குப் பயன்படும் வேறு ஏதேனும் செய்யுமாறு அறிவுரை கூறினார் என அவரது மூத்த மகன் தெரிவித்துள்ளார். 1966 ஏப்ரல் 25 அன்று சர்கோதாவில் காசநோயால் காலமானார்.

தமிழ்நாட்டில் முறை மாற்றம்

சுல்தான் கான் எதிர்கொண்ட அதே இடர்ப்பாட்டை விடுதலைக்குப் பிந்தைய இந்திய ஆட்டக்காரர்களும் எதிர்கொண்டனர். 1960-கள் வரை நாட்டின் பல பகுதிகளில் இந்திய முறையே செல்வாக்குடன் இருந்தது. பன்னாட்டு விதிகளைப் பரப்புவதிலும், குழுக்களை அமைத்துத் திறப்புகளையும் சதுரங்க நூல்களையும் படிக்கத் தூண்டுவதிலும் பெரும்பங்கு வகித்தவர் தமிழ்நாட்டைச் சேர்ந்த மானுவல் ஆரோன். இவர் 1961-இல் பன்னாட்டு மாஸ்டர் பட்டம் பெற்ற முதல் இந்தியர். தேசிய வாகையர் பட்டத்தை ஒன்பது முறை வென்றவர். சென்னையில் சோவியத் பண்பாட்டு மையத்தில் 1972-இல் தொடங்கப்பட்ட தால் சதுரங்கக் கழகத்தில் உருசிய நூல்களும் இதழ்களும் படிக்கக் கிடைத்தன. அங்கு ஆடப் பழகிய விசுவநாதன் ஆனந்த் 1988-இல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர் ஆனார். சுல்தான் கானுக்குக் கிடைக்காத நூலகமும் கழகமும் இவ்வாறு அரை நூற்றாண்டுக்குப் பின் வந்து சேர்ந்தன.

பட்டமும் நினைவும்

உலக சதுரங்கக் கூட்டமைப்பு 1950-இல் முதன்முறையாகக் கிராண்ட் மாஸ்டர் பட்டத்தை 27 பேருக்கு வழங்கியது. ஆட்டத்திலிருந்து எப்போதோ ஓய்வு பெற்றிருந்த ரூபின்ஸ்டீன் போன்றோரின் முன்னாள் சாதனைகளும் கருத்தில் கொள்ளப்பட்டன. அவரை வென்ற சுல்தான் கானின் பெயர் அப்பட்டியலில் இல்லை. அப்போது அவர் உயிருடன் இருந்தார். பன்னாட்டு மாஸ்டர் பட்டமும் அவருக்கு வழங்கப்படவில்லை. ஐரோப்பாவிலிருந்து பதினேழு ஆண்டுகள் விலகியிருந்ததும், அவருக்காகப் பரிந்துரைக்க ஒரு நாட்டுக் கழகம் முன்வராததும் இதற்குக் காரணமாகலாம். இங்கிலாந்துக்காக ஆடிய அவர் அப்போது இங்கிலாந்தில் இல்லை. பிறந்த ஊர் வேறொரு புதிய நாட்டில் இருந்தது.

அவரது 64 ஆட்டங்களைத் தொகுத்து ஆர். என். கோல்ஸ் எழுதிய நூல் 1965-இல் வெளிவந்தது. இங்கிலாந்தின் கிராண்ட் மாஸ்டர் டேனியல் கிங் எழுதிய விரிவான வாழ்க்கை வரலாறு 2020-இல் வெளியானது. குடும்பத்தினரின் மறுப்புகள் பரவலாக அறியப்பட்டது இந்நூலுக்குப் பிறகே. 2024 பிப்ரவரியில் உலக சதுரங்கக் கூட்டமைப்பின் தலைவர் பாக்கித்தானுக்கு வந்தபோது சுல்தான் கானுக்கு மதிப்புறு கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கப்பட்டது. அவர் இறந்து 58 ஆண்டுகள் ஆகவிருந்தன. பாக்கித்தானின் முதல் கிராண்ட் மாஸ்டர் என்று அந்நாட்டில் அவர் குறிப்பிடப்படுகிறார்.